முள்ளு ஏறுது, சத்தம் வரல - ஒரு ரேடியேட்டரின் வரலாறு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு என் பிக்கப் டிரக்கோட ரேடியேட்டரைப் பத்தி எழுதப் போறேன். "இதுல என்னய்யா வரலாறு"ன்னு ஓடிடாதீங்க மக்களே. நூத்து முப்பது வருஷத்துக்கு மேல கதை இருக்கு. அதை முன்னாடியே படிச்சிருந்தா எனக்கு ரெண்டு மெக்கானிக் பில் மிச்சமாயிருக்கும். நீங்களாவது தப்பிச்சுக்குங்க.

போன வருஷம் ஜூன் மாசம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துலேருந்து யூட்டாவுல இருக்கற ஸயான் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். நான், தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, சேலத்துலேருந்து வந்திருந்த மாமனார். டிரக்குக்குப் பின்னாடி கொக்கியில செகண்ட் ஹேண்டா வாங்கின கேம்ப்பர் டிரெய்லர். மாமனார் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். ஏறின அஞ்சாவது நிமிஷமே, "வண்டி சத்தமே இல்லாம பூனை மாதிரி போகுதே மாப்ள"ன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டார். எனக்குத் தலைகால் புரியல. இந்த 'சத்தமே இல்லாம'வை ஞாபகம் வெச்சுக்குங்க.

15-ஆம் நம்பர் இன்டர்ஸ்டேட்ல மொஹாவே பாலைவனத்துக்கு நடுவுல பேக்கர்னு ஒரு சின்ன ஊர். அங்க 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை நட்டு வெச்சிருக்காங்க. பக்கத்து டெத் வேலியில 1913 ஜூலை 10-ஆம் தேதி பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டோட (56.7 செல்சியஸ்) நினைவா அந்த 134 அடி. நாங்க போனப்ப அது 108 காட்டிச்சு. அந்த ஊர் ஆயிரம் அடி உயரம்கூட இல்ல. அங்கிருந்து வடக்கே சுமார் 17 மைல்ல ரோடு நாலாயிரம் அடி உயரத்துல இருக்கற ஹாலோரன் சம்மிட்டுக்கு ஏறுது. வண்டி கொதிக்காம இருக்க ஏசியை அணைங்கன்னு ரோட்டோரமே போர்டு வெச்சிருக்கற ஏத்தம் அது.

பாதி ஏத்தத்துல ஹீட் முள்ளு நடுவுலேருந்து மேல கிளம்பிச்சு. ஏசியை அணைச்சேன். முள்ளு நிக்கல. ஹீட்டரை ஃபுல்லா திருப்பினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா?"ன்னு தங்கமணி கத்தினாங்க. பைத்தியம் இல்லீங்க. ஹீட்டருக்குள்ள இருக்கறதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நம்ம மூஞ்சியில அடிச்சுட்டுப் போகும். 108 டிகிரி வெயில்ல ஹீட்டர் போட்ட வண்டியில ரெண்டு குழந்தைங்க அழுதுக்கிட்டு வந்ததை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஒரு எக்ஸிட்ல ஓரம் கட்டினேன். எங்களைவிடப் பெரிய டிரெய்லரை இழுத்துக்கிட்டு ஒரு டிரக், ஏரோப்ளேன் கிளம்பற மாதிரி இரைஞ்சுக்கிட்டு மேல போச்சு. 'ஐயோ பாவம், அந்த ஆள் வண்டியும் காலி'ன்னு மனசுக்குள்ள பரிதாபப்பட்டேன். இதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

பானட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடி மேல ஒரு துணியைப் போட்டுக் கையை வெச்சேன். மாமனார் பாஞ்சு வந்து மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். ஒண்ணும் பேசல. சட்டைக் கையை மேல ஏத்தி முழங்கைக்குக் கீழ இருந்த பழைய வெந்த தழும்பைக் காட்டினார். "கிளீனரா இருந்தப்ப. மூடியைத் திறந்தேன், அவ்வளவுதான்." கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு, அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல.

எஞ்சின் நல்லா ஆறினதும் தண்ணி ஊத்தி, மெதுவா பேக்கருக்கே இறங்கி வந்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல, வெயில் தணிஞ்சப்புறம் உருட்டிக்கிட்டே ஏறிட்டோம்.

ஊருக்குத் திரும்பினதும் வைத்தியம் ஆரம்பம். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிங்க மாப்ள, நாங்க லாரியில அதான் செய்வோம்"னார் மாமனார். நான் கழட்டல, ஒரு மெக்கானிக்கிட்ட விட்டுப் புதுசு மாத்தினேன். அப்புறம் காஹோன் பாஸ் ஏத்தத்துல டிரெய்லரோட போய்ப் பார்த்தா மறுபடி முள்ளு ஏறுது. ரெண்டாவது மெக்கானிக் தண்ணி பம்ப்பை மாத்தினார். மறுபடி ஏறுது. டிரெய்லர் இல்லாம சமதரையில போனா ஒரு பிரச்சனையும் இல்ல. மெக்கானிக்குங்க ஓட்டிப் பார்த்ததும் அப்படித்தான். "வண்டி நல்லாத்தானே இருக்கு சார்!"

அப்பதான் 'இந்த ரேடியேட்டர்ங்கறது எதுக்கு, எப்படி வந்துச்சு'ன்னு படிக்க உக்காந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. இன்னிக்கு பானட்டுக்கு அடியில இருக்கற ஒவ்வொரு உறுப்பும், எங்கேயோ ஒரு ஏத்தத்துல ஒரு வண்டி கொதிச்சு நின்னதுக்குக் கண்டுபிடிச்ச பதில். அந்த வரலாறு போன வரிசையிலயே நாமளும் தேடிப் போனா, கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுடும்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பெட்ரோல் எரியறதுல வர்ற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகுது. ஒரு பங்கு புகையோட வெளிய போகுது. மீதி ஒரு பங்கு சூட்டை ரேடியேட்டர்தான் வெளிய தள்ளணும். வண்டியும் டிரெய்லருமா அஞ்சு டன். நூறு அடிக்கு அஞ்சு அடி ஏத்தம், 45 மைல் வேகம். காத்தோட எதிர்ப்பையும் சேர்த்தா சக்கரத்துக்கு சுமார் 80 கிலோவாட் வேணும். ரேடியேட்டர் தள்ள வேண்டிய சூடும் ஏறக்குறைய அதே அளவு. நம்மூர் குளியலறையில இருக்கற 2 கிலோவாட் கீசர் நாப்பது, ஒரே நேரத்துல ஓடற மாதிரி!

சரி, 1886-க்குப் போவோம். கார்ல் பென்ஸோட முதல் மோட்டார் வண்டியில இன்னிக்கு இருக்கற மாதிரி ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுத்தித் தண்ணி இருக்கும், அது கொதிச்சு ஆவியாப் போகும், நாம ஊத்திக்கிட்டே இருக்கணும். 1888 ஆகஸ்ட்ல அவரோட மனைவி பெர்த்தா பென்ஸ், ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, புருஷன்கிட்ட சொல்லாம, மான்ஹைம்லேருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல அந்த வண்டியை ஓட்டிட்டுப் போனாங்க. உலகத்தோட முதல் நெடுந்தூரக் கார் பயணம். வழியெல்லாம் தண்ணி கிடைச்ச இடத்துல நிறுத்தி ஊத்திக்கிட்டே போனாங்க. ஏத்தத்துல பசங்க இறங்கித் தள்ளினாங்க. அதனால வரலாறு கேக்கற முதல் கேள்வி: தண்ணி இருக்கா? எஞ்சின் ஆறினப்புறம் பாருங்க. குறையுதுன்னா எங்க போகுதுன்னு தேடுங்க. என் வண்டியில குறையல.

அடுத்து 1900. வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சார். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐ ஒண்ணா அடுக்கினது. குழாய்க்குள்ள காத்து, வெளிய தண்ணி. கொஞ்சம் தண்ணி, நிறையக் காத்து, இதுதான் அவர் பிடிச்ச சூட்சுமம். இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். ரெண்டாவது கேள்வி: காத்து போக வழி இருக்கா? நம்ம வண்டியில ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கண்டென்சர் நிக்குது. முன்னாடி பார்த்தா பளபளன்னு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல பூச்சியும் பஞ்சும் மண்ணும் அடைச்சிருக்கும். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கொஞ்சம் குப்பை இருந்துச்சு. எஞ்சின் பக்கத்துலேருந்து வெளிப்பக்கமா மெதுவாத் தண்ணி அடிச்சுக் கழுவினேன். சூடு கொஞ்சம் குறைஞ்சது, ஆனா தீரல.

மூணாவது, ஃபோர்டு மாடல் டி. 1908-லேருந்து 1927 வரைக்கும் ஒண்ணரைக் கோடி வண்டி. முதல்ல வந்த சுமார் 2,500 வண்டியில தண்ணி பம்ப் இருந்துச்சு. அப்புறம் ஃபோர்டு அதையும் எடுத்துட்டார். சூடான தண்ணி மேல ஏறும், குளிர்ந்தது கீழ இறங்கும், தானாச் சுத்தும்ங்கற கணக்கு. சமதரையில சரி. ஏத்தத்துல தண்ணி கொதிச்சு மட்டம் மேல் குழாய்க்குக் கீழ இறங்கிட்டா சுத்தறதே நின்னுடும். அப்புறம் கொதி மேல கொதி.

சூட்டை டிரைவர் எப்படித் தெரிஞ்சுக்குவார்? 1910-களில் பாய்ஸ் மோட்டோமீட்டர் வந்துச்சு. ரேடியேட்டர் மூடி மேலயே ஒரு தெர்மாமீட்டர். டிரைவர் சீட்லேருந்து கண்ணாடி வழியாப் பார்த்துக்கலாம். அது அளந்தது தண்ணியோட சூட்டை இல்ல, தண்ணிக்கு மேல இருக்கற ஆவியோட சூட்டை. அதனால தண்ணி குறைஞ்சாலும் உண்மையைச் சொல்லும். நம்ம இந்தக் கால முள்ளு அப்படி இல்ல. நிறைய வண்டியில ஒரு அளவு வரைக்கும் நடுவுலயே நிக்கற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க, டிரைவர் பயப்படக் கூடாதாம். முள்ளு நகர ஆரம்பிக்கறப்பவே காரியம் முத்திப் போயிருக்கும். நான் வண்டியோட ஓபிடி சாக்கெட்ல சொருகற ஒரு ரீடரை வாங்கி நிஜ நம்பரைப் பார்க்க ஆரம்பிச்சேன். சமதரையில 200 டிகிரி ஃபாரன்ஹீட். ஏத்தத்துல 220 வரைக்கும் முள்ளு அசையவே இல்ல. 235-ல தான் அய்யா கண்ணைத் திறந்தார்!

அதே காலத்துலதான் வண்டியிலயே வீட்டைக் கட்டிக்கிட்டுப் போற கூட்டமும் கிளம்பிச்சு. 1919-ல ஃப்ளோரிடாவோட டாம்பாவுல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க அடையாளச் சின்னம் என்ன தெரியுமா? ரேடியேட்டர் மூடி மேல பத்த வெச்ச ஒரு தகர டப்பா! அப்புறம் 1926-ல ரூட் 66. 1936-ல ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்னு அலுமினிய டிரெய்லர். ஆசை பெருசாச்சு, பாரம் பெருசாச்சு, மலை மட்டும் அப்படியே நின்னுச்சு.

அந்த மலையில ஒண்ணைச் சொல்லியே ஆகணும். அரிஸோனாவுல பிளாக் மவுண்டன்ஸ். பழைய ரூட் 66 அதுல சிட்க்ரீவ்ஸ் பாஸ் வழியா ஏறி ஓட்மன்ங்கற ஊருக்கு இறங்கும். 1930-கள்ல மழை பொய்ச்சு, மண் புயல்ல நிலமெல்லாம் போய், பிழைப்பு தேடி கலிஃபோர்னியாவுக்கு வந்த குடும்பங்கள் இந்த மலையைத் தாண்டித்தான் வந்தாங்க. சட்டி பானை, மெத்தை, கிழவன் கிழவி எல்லாரும் ஒரே வண்டியில. முன்னாடி கான்வாஸ் தண்ணிப் பை தொங்கும். குடிக்கவும் அதுதான், ரேடியேட்டருக்கும் அதுதான். மாடல் டி-க்காரங்க சிலர் பின்பக்கமா ரிவர்ஸ்ல ஏறினாங்க. அந்த வண்டியில பெட்ரோலுக்கு பம்ப் கிடையாது, டேங்க்லேருந்து தானா இறங்கி வரணும். மூக்கைத் தூக்கினா வராது. ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் ஜாஸ்தி. ஏற முடியாதவங்க காசு குடுத்து இழுக்கச் சொன்னாங்க. எனக்கு ரேடியேட்டர் கொதிச்சா ஒரு லீவு கெட்டுச்சு. அவங்களுக்குக் கொதிச்சா அந்தக் குடும்பத்தோட கடைசிக் காசு போச்சு. கொதிக்கற வண்டிங்கறது ஒரு காலத்துல சாதாரண இடைஞ்சல் இல்லைங்க, விதி.

நாலாவது பதில் வேதியியல்லேருந்து வந்துச்சு. 1927-ல பிரஸ்டோன் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. அப்புறம் அழுத்த மூடி. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்துல தண்ணி 100-ல கொதிக்காது, 121 டிகிரி செல்சியஸ்லதான் கொதிக்கும். மாமனார் தழும்போட ரகசியம் இதுதான். மூடியைத் திறந்த நொடியில அழுத்தம் போயிடும், 100-க்கு மேல இருக்கற தண்ணி மொத்தமும் ஒரே நேரத்துல கொதிச்சு மேல பாயும். நாலாவது கேள்வி: மூடி அழுத்தம் பிடிக்குதா? ரப்பர் வளையம் காஞ்சு போயிருந்தா பிடிக்காது. பத்து இருபது டாலர் சமாசாரம். ரெண்டு மெக்கானிக்கும் பார்க்கல. நான் டெஸ்ட் பண்ணினேன், நல்லாத்தான் இருந்துச்சு.

தெர்மோஸ்டாட்? அது எஞ்சின் சீக்கிரம் சூடாகறதுக்கான கதவு. அந்தக் கால லாரியில, நம்மூர் வெயில்ல, கழட்டிப் போட்டா கொஞ்சம் தாக்குப் பிடிச்சிருக்கும். பல புது எஞ்சின்ல அது இல்லைன்னா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியில சுத்தி வந்துடும், சூடு இன்னும் ஏறும். மாமனாருக்கு விளக்கினேன். "அப்படியா... அப்ப அது வேற எஞ்சின் மாப்ள"ன்னு ஒத்துக்கிட்டார். நானா இருந்தா அவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

அஞ்சாவது, ஃபேன். எஞ்சினோட நேரடியா சுத்தற ஃபேன் எப்பவும் சத்தம் போடும், பெட்ரோலும் குடிக்கும். 65 மைல் வேகத்துல போறப்ப எதிர்காத்தே போதும், ஃபேன் தண்டம். அதனால விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் வந்துச்சு. உள்ள சிலிகான் எண்ணெய், முன்னாடி ஒரு சுருள் வில். ரேடியேட்டர் வழியா வர்ற காத்து சூடானா சுருள் விரியும், எண்ணெய் தட்டுகளுக்கு நடுவுல பாயும், ஃபேன் எஞ்சினோட ஒட்டிக்கிட்டு முழு வேகத்துல சுத்தும். அப்ப எப்படி இரையும் தெரியுமா? ஏரோப்ளேன் கிளம்பற மாதிரி.

படிச்சுக்கிட்டிருந்தவன் அப்படியே உக்காந்துட்டேன். அன்னிக்கு எங்களைத் தாண்டிப் போன டிரக்! நான் பரிதாபப்பட்டேனே, அந்த வண்டி நல்லா இருந்துச்சுங்க. பூனை மாதிரி போச்சுன்னு பெருமைப்பட்ட என் வண்டிதான் நோயாளி.

இதுக்கு மேல உறுதி பண்ணினது ஒரு டெஸ்ட். எவ்வளவு பாரம் இழுக்கும்னு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் சொல்லிக்கிட்டிருந்த காலத்துல, 2008-ல அமெரிக்காவோட எஸ்ஏஇ சங்கம் ஜே2807-னு ஒரு பொது விதியை வெளியிட்டாங்க. 2011 மாடல்லேருந்து டொயோட்டா முதல்ல ஏத்துக்கிட்டாங்க, மத்த பெரிய கம்பெனிங்க சில வருஷம் கழிச்சு வந்தாங்க. அதுல ஏத்தச் சோதனைக்கு அளவுகோலா எடுத்துக்கிட்டது டேவிஸ் டேம் ஏத்தம். 11.4 மைல், சுமார் 3,000 அடி உயரம். வெளிய குறைஞ்சது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும். ஏசி ஃபுல்லா ஓடணும். வேகம் 40 மைலுக்குக் கீழ போகக் கூடாது. இந்த ஏத்தம் எங்க இருக்கு? அரிஸோனாவுல, அதே பிளாக் மவுண்டன்ஸ்ல! ஏழைக் குடும்பங்கள் தண்ணிப் பையோட ஏறின அதே மலைத்தொடர்தான், இன்னிக்கு ஒவ்வொரு புது டிரக்குக்கும் பரீட்சை எழுதற இடம்.

என் டிரக்கும் அந்த விதிப்படி நம்பர் வாங்கின மாடல். லாரி எடை மேடையில ஏத்திப் பார்த்தேன், பாரமும் வரம்புக்குள்ளதான் இருந்துச்சு. அப்படின்னா பேக்கர் ஏத்தத்துல ஏசியோட போயிருக்கணும். 'வெயில்ல மலை ஏறினா கொதிக்கத்தான் செய்யும்'னு நான் சொல்லிக்கிட்டிருந்தது சமாதானம். கோளாறு மலையில இல்ல, என் வண்டியில.

மறுநாள் காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கறப்ப, சாவியைப் பையில போட்டுக்கிட்டு, ஃபேனைக் கையால சுத்தி விட்டேன். கொஞ்சம் பிடிச்சு நிக்கணும். இது ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. கிளட்ச் நடுவுலேருந்து வெளிப்பக்கமா எண்ணெய்க் கோடும் அதுல ஒட்டின புழுதியும். சிலிகான் எப்பவோ ஒழுகிப் போச்சு. சமதரையில காத்து காப்பாத்திச்சு. ஏத்தத்துல சூடு பல மடங்கு, வேகம் பாதி, அங்க ஃபேன் இல்லாம ஆகாது. புது கிளட்ச்சை ஒரு சனிக்கிழமையில நானே மாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காஹோன் பாஸ். பின்னாடி டிரெய்லர், ஏசி ஆன். ரீடர்ல 215 வந்ததும்... உர்ர்ர்ர்ர்! வண்டியே அதிருது. நம்பர் மெதுவா 208-க்கு இறங்கிச்சு. மேல போய் நிறுத்தி, சேலத்துக்கு வாட்ஸப்ல கூப்பிட்டு போனை பானட் பக்கம் பிடிச்சேன். மாமனார் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அன்னிக்கு சத்தம் வரலைன்னு எனக்கே தோணியிருக்கணும் மாப்ள. அமெரிக்கா வண்டின்னா இப்படித்தான் போலன்னு நினைச்சுட்டேன்"னார். நானும் அதேதான் நினைச்சேன் மாமா.

கொசுறு: நிறைய டிரக்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் ரேடியேட்டருக்குள்ளதான் குளிருது. ஏத்தத்துல அதோட சூடும் சேரும். மேல் கியர்ல திணற விடாம, முன்கூட்டியே கீழ் கியருக்குப் போய் வேகத்தைக் குறைங்க. எல்லாம் சரியா இருந்தும் கொதிக்குது, தண்ணியும் குறையுதுன்னா ஹெட் கேஸ்கட்டை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நீலத் திரவம் மஞ்சளா மாறினா, பர்ஸைத் தயார் பண்ணிக்குங்க.

டிஸ்கி: சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. துணி போட்டாலும் சரி, அவசரம்னாலும் சரி. ஸயானுக்கு மறுபடி போகணும்னு வாண்டுங்க கேக்குதுங்க. "ஹீட்டர் போட மாட்டேன்னு எழுதிக் குடுங்க"ங்கறாங்க தங்கமணி.